7/20

மஞ்சள் பலகையில் கறுப்பாக எழுதியிருக்கும்:
கொண்டை ஊசி வளைவு 7/20.
முதல் தடவை பார்த்தபோது
யாருக்கோ போட்ட மார்க் போலத் தோன்றி
சிரித்துக்கொண்டேன்.

முதுகலைத் தாவரவியல், இரண்டாம் ஆண்டு.
ஏற்காடு சாலையோர மரங்களில் பாசிப்பூஞ்சை,
அடிவாரத்திலிருந்து உச்சி வரை.
"கல்பாசியா? பிரியாணிக்குப் போடுவாங்களே?" என்றான் அண்ணன்.
அதன் பங்காளிகள் என்றேன்.
புகை ஆகாது அதற்கு.
கீழே குறைவாக இருக்கும், மேலே போகப் போக நிறையும்.
பஸ் ஏறும் முன்பே
விடை என் பையில் இருந்தது.

ஐந்து ரோட்டில் வாங்கிய கண்ணாடித் தாளில்
நூறு கட்டம் வரைந்தேன்.
மார்பளவு உயரத்தில் பட்டையோடு ஒட்டிப் பிடித்து
பாசி உள்ள கட்டங்களை எண்ண வேண்டும்.
வளைவுக்கு ஐந்து மரம்.
மூன்றாம் வளைவில் ஒரு குரங்கு
அரைப் பாக்கெட் பிஸ்கட்டோடு
அளவு டேப்பையும் கொண்டுபோனது.
அது எதை அளந்ததோ.

மூன்று மாதம், காலை ஆறரை வண்டி.
கண்டக்டர் என்னை
"மரம் எண்ற புள்ள" என்பார்.
வரைபடத்தில் கோடு
மாடிப்படி போல ஏறியது, அவ்வளவு அழகு.
அம்மாவுக்குக்கூட அனுப்பினேன்.
கோலம் மாதிரி இருக்கு என்றாள்.

ஷாகிரா அன்றைக்குச் சும்மாதான் வந்தாள்.
ஆய்வகத்தில் அவளுடைய பூஞ்சை வளர
இன்னும் இரண்டு நாள் ஆகும்.
ஏழாம் வளைவு, புங்கமரம்,
அதே தாள், அதே பக்கம்.
நான் எண்ணியது முப்பத்து நான்கு.
அவள் எண்ணியது ஐம்பத்தொன்று.

"இந்தக் கறுப்பை ஏன் விட்டே?"
"அது புகைக்கரி."
"எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்?
லாரி போகிற இடம், கறுப்பாக இருக்கிறது, கரிதானே.
அவள் குடித்துக்கொண்டிருந்த பாட்டிலைச் சாய்த்தாள்.
பட்டை நனைந்தது.
கறுப்புக்கு உள்ளிருந்து மெல்ல
ஒரு பச்சை எழுந்து வந்தது.
சில இடங்களில் கறுப்பு கறுப்பாகவே நின்றது.
இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்.

இரவு கருப்பூர் விடுதியில்
நோட்டைப் பிரித்து உட்கார்ந்தேன்.
பதினெட்டாம் வளைவு, இரண்டாம் மரம்:
'கறுப்பு, மெல்லிய படலம், பாசி.'
ஐந்தாம் வளைவு, நான்காம் மரம்:
'கறுப்பு, மெல்லிய படலம், கரி, சேர்க்கவில்லை.'
இரண்டும் என் கையெழுத்து.
பொய் எழுதவில்லை நான்.
கண்ணைக் கேட்காமல்
பலகையைக் கேட்டிருக்கிறேன்.

கிழிக்கத் தோன்றியது.
கிழிக்கவில்லை. பக்கத்துக்கு ஒரு கோடு மட்டும்,
அடியில் இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி.
ஓரத்தில் தேதி, காரணம்.
அம்மாவிடம் அந்தக் கோலம் தப்பு என்றேன்.
புள்ளி வச்சது நீதானே என்றாள்.

மறுபடி நூறு மரம்.
நனைத்துவிட்டுப் படம் எடுத்தோம்.
ஷாகிரா அத்தனையையும் கலைத்து
வெறும் எழுத்துகளாகப் பெயர் மாற்றிக் கொடுத்தாள்.
எந்த வளைவு என்று தெரியாமல் எண்ணுவது
இருட்டில் படி இறங்குவது போல,
ஒவ்வொன்றிலும் கால் தேட வேண்டியிருந்தது.

இப்போது கோடு ஏறுகிறது, ஆனால் தயங்கித் தயங்கி.
பன்னிரண்டில் சரிகிறது.
ஒன்பதில் எதற்கோ குதிக்கிறது.
அங்கே பாறையில் எப்போதும் ஒரு கசிவு உண்டு.
அதனால்தான் என்று எழுதப் போன பேனாவை வைத்துவிட்டு
பென்சிலில் எழுதினேன்:
'கசிவா? பார்க்க வேண்டும்.'

ஆறரை வண்டி.
பையில் இரண்டு பாட்டில் தண்ணீர்,
ஒன்று தாகத்துக்கு,
ஒன்று சந்தேகத்துக்கு.
"இன்னுமா எண்ணி முடியல?"
"இல்லீங்க. ஒன்பதுல நிறுத்துங்க."
விசில் ஊதினார்.